தலைகீழ் சீல்

ராத்தா எங்களில் யாரிடமும் "சாப்பிட்டியா?" என்று கேட்டதே கிடையாது. "என்ன கொழம்பு?" என்றுதான் கேட்பார்.

எங்கள் பக்கத்தில் சாப்பிட்டியா என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. ஆச்சு. வயிறு முட்டத் தின்றவனும் ஆச்சு என்பான், காலையிலிருந்து பச்சைத் தண்ணீரில் ஓட்டிக்கொண்டிருப்பவனும் ஆச்சு என்பான். அப்படிச் சொல்வதுதான் மரியாதை என்று பேச்சு வரும்போதே பழக்கிவிடுகிறார்கள். ராத்தாவுக்கு இந்த மரியாதையைக் கண்டாலே ஆகாது. ஆகவே கேள்வியையே மாற்றிவிட்டார். சாப்பிட்டு வந்தவனிடம் என்ன குழம்பு என்று கேட்டால் உடனே குறை சொல்ல ஆரம்பிப்பான். "புளிக்கொழம்பு ராத்தா, எங்க அம்மை உப்ப அள்ளிக் கொட்டிட்டா" என்பான். சாப்பிடாதவன் ஒரு நொடி யோசிப்பான். அந்த ஒரு நொடி அவருக்குப் போதும்.

பாளையங்கோட்டையில் நான் படித்த கல்லூரியின் அலுவலகத்தில் கடைசி ஜன்னல் அவருடையது. மாணவர்களின் பஸ் பாஸ் படிவங்களைச் சரிபார்த்து, பாஸில் கல்லூரி சீலைக் குத்திக் கொடுப்பது வேலை. மேலப்பாளையத்துக்காரர். அந்த ஊர்ப் பையன்கள் அக்காவை ராத்தா என்பார்கள். கேட்டுக் கேட்டு எங்களுக்கும் ராத்தா, பேராசிரியர்களுக்கும் ராத்தா, முதல்வர்கூட பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்தில் ராத்தா என்றுதான் கூப்பிடுவார். முந்தானை தலையை விட்டு நழுவாது. வலது கை விரல்களில் ஊதா மை எப்போதும் இருக்கும். சீலை எடுத்து வாய்க்கு அருகே கொண்டுபோய் ஒரு தடவை ஊதுவார், பிறகு மேஜை அதிரக் குத்துவார். பக்கத்து மேஜையில் தூங்கும் குமாஸ்தா ஒவ்வொரு குத்துக்கும் விழித்துக்கொண்டு பேனாவைக் கையில் எடுப்பார்.

ஜில்லாவின் பஸ் நேரங்கள் முழுவதும் அவர் தலைக்குள் இருந்தன. ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், முதல் வண்டி எத்தனை மணிக்கு, எங்கே மாற வேண்டும், எந்த வண்டி வழியில் படுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிடுவார். இத்தனைக்கும் அவர் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் டவுன் பஸ்ஸில் போய்வருவதைத் தவிர வேறெங்கும் அதிகம் போகிறவரில்லை. படிவத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஞானம். அந்த ஞானத்தை வைத்து அவர் போட்ட கணக்கு வேறு.

முதலாமாண்டில் முதன்முதலாக நான் ஜன்னலில் போய் நின்றபோது படிவத்தைப் பார்த்தார்.

"முக்கூடலுக்கு உள்ள தள்ளியில்லா இருக்கு ஒங்க ஊரு? மொத வண்டி ஆறு மணி. அத விட்டா எட்டரை. எட்டரையில வந்தா மொத பீரியடு போச்சு. அப்போ ஆறு மணி வண்டியிலதான் வார."

"ஆமா."

"ஆறு மணிக்குள்ள எந்த வீட்டுல லே சோறு வடிப்பாவ?"

"எங்க வீட்டுல வடிப்பாவ" என்றேன். எனக்குப் பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். முன்னொரு காலத்தில் வயலும் தோப்புமாக இருந்த குடும்பம் என்ற நினைப்பு ஒன்றைத்தான் எனக்கு அப்பா சொத்தாகக் கொடுத்திருந்தார். அதை வரிசையில் வைத்து இழக்க நான் தயாராயில்லை.

"சரி, என்ன கொழம்பு?"

யோசிக்கவே இல்லை நான். பெரிய இடத்துப் பிள்ளை என்று தெரியட்டும் என்று, "சொதி" என்றேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. சொதி என்பது எங்கள் ஜில்லாவில் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்தில் வைப்பது. தேங்காய்ப் பால் மூன்று தடவை பிழிந்து, முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் போட்டு, இஞ்சிப் பச்சடியோடு பரிமாறுவது. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குள் அதை வைத்து ஒருத்தன் டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு வந்தான் என்றால் அவன் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும்.

"யாருக்கு லே கல்யாணம் முடிஞ்சுது, ஒனக்கா?" என்றார் ராத்தா. அவர் மட்டும் சிரிக்கவில்லை. சீலை ஊதிக் குத்தி பாஸை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். சீல் தலைகீழாக விழுந்திருந்தது.

"தலைகீழா இருக்கே?"

"கண்டக்டர் அதப் படிச்சு பரீட்சையா எழுதப் போறான்? மார்க்கெட்டுக்குப் பொறத்தால அண்ணாச்சி மெஸ்ஸு இருக்கு. மத்தியானம் அங்கன போய் சாப்பிடு. எந்திச்சு வரும்போது பாஸைக் காட்டு. தள்ளு, அடுத்த ஆளு வரட்டு."

நான்கு நாள் போகவில்லை. கல்லூரிக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு நூலகத்தில் போய் உட்கார்ந்து, புத்தகத்தைப் புரட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் பசி கௌரவத்தை ஜெயித்தது. போனேன். சாம்பார், ரசம், மோர், ஒரு பொரியல். என்ன மணம். சாப்பிட்டு எழுந்து, கல்லாவில் என்ன சொல்வது என்று தெரியாமல் பாஸைக் காட்டினேன். அண்ணாச்சி ஒரு பார்வை பார்த்தார். "சரி தம்பி. நாளைக்கு வத்தக்கொழம்பு, சீக்கிரம் வந்துரு" என்றார். எனக்கு முன்னால் போனவனும் பாஸைக் காட்டினான், பின்னால் வந்தவனும் காட்டினான். மாணவர்களுக்கு விலையில் சலுகை உண்டு என்று அண்ணாச்சி போர்டு மாட்டியிருந்தார், ஆகவே எல்லாப் பையன்களும் பாஸைக் காட்டித்தான் ஆகவேண்டும். சீல் நேராக இருப்பவன் சலுகை விலை கொடுத்தான். தலைகீழாக இருப்பவன் சும்மா போனான். யார் எந்தப் பக்கம் என்று அண்ணாச்சியைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. ராத்தாவும் அண்ணாச்சியும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது என்று எனக்குப் புரியவே இரண்டு மாதம் ஆயிற்று. எங்கள் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவனின் பாஸும் தலைகீழ்தான் என்று தற்செயலாகப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு வெட்கம் போனது.

ஒரு தடவை முதல்வர் கவனித்துவிட்டார். "ஏம்மா, சில பாஸ்ல சீல் தலைகீழா இருக்கே?" என்று கேட்டிருக்கிறார். "கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது சார்" என்றார் ராத்தா. இரக்கமுள்ள மனுஷன். கல்லூரிச் செலவில் கண் பரிசோதனை செய்து கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். மறுநாள் முதல் ராத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு தலைகீழாகக் குத்தினார்.

அந்த ஏற்பாடு ஒரே ஒரு தடவை தடம் புரண்டது. ராத்தா கடையநல்லூரில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் விடுப்பில் போனார். ஜன்னலில் உட்கார வைக்கப்பட்டவர் புதிதாக வந்த டைப்பிஸ்ட். மர சீல், கைப்பிடி இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். எது மேல், எது கீழ் என்று அந்த மனிதர் கவலையே படவில்லை. இரண்டு நாளில் ஒரு வகுப்பு முழுக்கத் தலைகீழாகிவிட்டது. அதில் டாக்டர் மகன் ஒருவன். பைக்கில் வருகிறவனுக்கு எதற்குப் பஸ் பாஸ் என்று கேட்காதீர்கள், சினிமா தியேட்டரில் மாணவன் என்று நிரூபிக்க. அவன் கூட்டாளிகளோடு மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் காசை நீட்டினால் அண்ணாச்சி வாங்கமாட்டேன் என்கிறார். "வேண்டாம் தம்பி, வச்சுக்கோ, நல்லாப் படி" என்று முதுகில் தட்டிக்கொடுக்கிறார். பையன் திருதிருவென்று முழித்திருக்கிறான். மறுநாள் இன்னும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் காலை ராத்தா வந்து உட்காருவதற்குள் அண்ணாச்சி ஜன்னலில் வந்து நின்றார்.

"ஏ ராத்தா, நீ ஊருக்குப் போயி ரெண்டு நாள்தான ஆச்சு? அதுக்குள்ள இத்தன பேருக்கா சோத்துக்கு வழியில்லாமப் போச்சு? அணையில தண்ணி இல்லியா, என்ன வெவரம்?"

ராத்தா சீலைத் திருப்பிப் பார்த்தார், டைப்பிஸ்டைத் திரும்பிப் பார்த்தார். "கூறுகெட்ட மூதி" என்று மட்டும் சொன்னார். தேதி தவறிவிட்டது என்று சொல்லி எல்லாப் பாஸையும் திரும்ப வாங்கி மறுபடி குத்தினார். டாக்டர் மகனுக்கு விஷயம் லேசாகப் புரிந்திருந்தது. சாப்பிட்டதற்குக் காசு கொண்டுவந்து ஜன்னலில் வைத்தான். ராத்தா அதைத் தொடவில்லை. "இத எடுத்துட்டுப் போ. நாளையிலேந்து ஒங்க அம்மைட்டச் சொல்லி நாலு இட்லி கூட வச்சுக் கொண்டா. என் மேசையில வச்சுட்டுப் போயிட்டே இரு, யாருக்குன்னு கேக்காத" என்றார். மூன்று வருஷமும் கொண்டுவந்தான். ராத்தா அந்த இட்லியோடு தன் வீட்டிலிருந்தும் ஏதாவது சேர்த்து, பெண்கள் ஓய்வறைக்குக் கொண்டுபோவார். பெண் பிள்ளைகள் மெஸ்ஸுக்குப் போகமாட்டார்கள். அவர்களிடம் குழம்பு விசாரணையும் கிடையாது. "ஏட்டி, பாத்திரத்த காலி பண்ணிக் குடுங்கட்டி, கழுவணும், எனக்கு நேரமாச்சு" என்று சத்தம் போடுவார். என்னமோ அவர்கள் அவருக்கு ஒத்தாசை செய்வது போல.

வேடிக்கை என்னவென்றால் கோயில் விசேஷங்கள் எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நெற்றியில் விபூதியோடு போய் நிற்கும் என்னிடம், "நாளைக்குப் பிரதோஷம்லா, தெரியாதா? சுண்டல்தான் குடுப்பாவ, அத நம்பி மெஸ்ஸ விட்டுராத. சஷ்டி முடிஞ்ச மறுநாள் திருக்கல்யாணச் சாப்பாடு உண்டும், அன்னைக்கு அங்கன போ" என்பார். எந்த மடத்தில் எந்தக் கிழமை பந்தி, எந்த சர்ச்சில் பண்டிகைக்குச் சாப்பாடு, எந்த அறக்கட்டளை எந்த மாதம் விண்ணப்பம் கொடுக்கிறது, எல்லாம் அவரிடம் கேட்டால் தெரியும். கேட்காவிட்டால் கத்திச் சொல்வார். அறிவிப்புப் பலகை மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "லீவுல கொண்டாந்து ஒட்டிட்டு, தொறக்கதுக்கு மொத நாளே கடைசித் தேதியும் முடிஞ்சிருது. அத யாரு படிக்கா, பல்லியா?" என்று கேட்பார்.

நோன்பு மாதத்தில் அவர் உதடு வறண்டிருக்கும். எச்சில்கூட விழுங்காமல் உட்கார்ந்துகொண்டு எங்களிடம் என்ன குழம்பு என்று விசாரிப்பார். சாயங்காலம் அவர் தெருப் பள்ளிவாசலிலிருந்து அலுவலகத்துக்கு நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் வரும். கல்லூரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கிய பையன்கள் தம்ளரோடு காத்திருப்பார்கள். ஒருநாள் பஸ்ஸை விட்டுவிட்டு நானும் போய் நின்றேன். வாசம் என்னை இழுத்தது. தம்ளரை நீட்டியதும் பட்டென்று பிடுங்கினார். "ஒனக்கு ஆகாது லே. இதுல கறி கெடக்கு. நீ பசியில குடிச்சிருவ, நாளைக்கு ஒன் மனசு கெடந்து அடிச்சுக்கும்." பையிலிருந்து இரண்டு வாழைப்பழமும் ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டியும் எடுத்துக் கொடுத்தார். அவர் நோன்பு திறக்க வைத்திருந்த பழம் அது என்று பக்கத்தில் நின்றவன் பிறகு சொன்னான்.

இப்படியெல்லாம் சொல்வதால் அன்பே உருவானவர் என்று எண்ணிவிட வேண்டாம். கடுகடு என்றுதான் இருப்பார். நன்றி சொல்லப் போனால், "சீல் குத்துனேன், வேற என்ன செஞ்சேன், போ" என்று விரட்டுவார். யாராவது சோர்ந்து போய் வந்தால் ஆறுதல் வார்த்தை ஒன்று வராது. எனக்கு அவர்மேல் பாசமும் பயமும் சரிபாதி இருந்தது. படிப்பு முடிந்தபின் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன், மூன்றாம் தடவை போனபோது ஜன்னலில் வேறொருவர் இருந்தார். ஓய்வு பெற்று மகளோடு வெளியூர் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை.

அதற்கெல்லாம் முன்னால், என் மூன்றாமாண்டு தொடக்கத்தில் சாலையை அகலப்படுத்த மெஸ் இருந்த கட்டடத்தை இடித்தார்கள். அண்ணாச்சி மகனோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். எனக்கு மறுபடி காலையில் ஒரு காப்பி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் சோறு, நடுவில் குழாய்த் தண்ணீர் என்றாயிற்று. மூன்றாவது வாரம் வகுப்பில் மயங்கி விழுந்தேன். யாரோ ஊருக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். அப்பா, "ஒடம்பக் கெடுத்துட்டு என்ன படிப்பு வேண்டிக் கெடக்கு? சென்னையில மாமா மகன் கடைக்கு ஆளு கேக்கான். அடுத்த வாரம் கெளம்பு" என்றார். பட்டத்துக்கு இன்னும் ஒரே வருஷம் இருந்தது.

ராத்தாவிடம் போய்ச் சொன்னேன். டிராயரைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். ஜங்ஷன் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் மாணவர் விடுதி. தங்குவதும் மூன்று வேளைச் சாப்பாடும் இலவசம், சைவச் சாப்பாடு. ஓர் இடம் காலியாக இருந்தது. திங்கட்கிழமை கடைசி நாள். படிவத்தின் அடியில் தகப்பனார் கையெழுத்துப் போட ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேல் அச்சடித்திருந்தார்கள்: 'என் மகனுக்கு உணவளிக்கப் போதிய வசதி எனக்கு இல்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.'

அதை அப்பாவிடம் கொடுத்தேன். படித்தார். மடித்தார். என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"பெத்த பிள்ளைக்குச் சோறு போட வக்கில்லன்னு நான் எழுதிக் குடுக்கணுமோ? எங்க அப்பா காலத்துல அறுப்புக்கு வந்தவன் அத்தன பேருக்கும் இந்த வாசல்ல எல போட்டிருக்கு. இதுக்கு நீ சென்னையில போயி மூட்ட தூக்கலாம்."

இத்தனைக்கும் வீட்டில் மிச்சமிருந்தது ஒரு துண்டு வயலும், அதிலிருந்து வரும் குத்தகை நெல்லும்தான். அப்பா தினமும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முக்கூடலில் ஒரு நண்பரின் உரக்கடையில் போய் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அம்மா அடுத்த தெருக்காரியின் பெயரில் இலை வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு பீடி சுற்றினாள். அது அப்பாவுக்குத் தெரியாது என்று அம்மா பாவித்தாள், தெரியாது என்றே அப்பாவும் பாவித்தார்.

வெள்ளிக்கிழமை ராத்தாவிடம், "நானே அப்பா கையெழுத்தப் போட்டுரட்டா?" என்று கேட்டேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சீலத் தலைகீழா குத்துத நான் சொல்லுதேன், அது வேண்டாம். விடுதிக்காரன் வீட்டுக்கே வந்து விசாரிப்பான். ஒங்க அப்பா அன்னைக்கு இல்லன்னு சொன்னா என்ன செய்வ?" என்றார். படிவத்தை வாங்கித் தன் ஒயர் கூடையில் போட்டுக்கொண்டார். "சனிக்கிழமை ஆபீசு அரை நாள். ஒரு மணி அம்பதுக்கு ஒரு வண்டி இருக்கு" என்றார். யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்குத் தெருவில் குடையோடு வந்தார். வெளியே சாரல் காற்று. நானும் அப்பாவும் சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் இருந்தோம். அம்மா எங்களுக்கெல்லாம் பரிமாறி, பாத்திரம் கழுவி, அப்போதுதான் தனக்குத் தட்டை எடுத்து அடுப்படி வாசலில் வைத்திருந்தாள். எப்போதும் கடைசியில்தான் அவள் சாப்பாடு.

"பையன் காலேஜு ஆபீசுல இருந்து வாரேன் அண்ணாச்சி" என்றார் அப்பாவிடம்.

அப்பாவுக்கு எதற்காக வந்திருக்கிறார் என்று உடனே தெரிந்துவிட்டது. முகம் இறுகியது. ஆனாலும் வீட்டுக்கு வந்தவர் ஆயிற்றே. பெஞ்சில் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், வழக்கமாகக் கேட்கும் கேள்வியையும் கேட்டார்.

"ஒரு வாய் சாப்பிடுதியளா?"

எங்கள் ஊரில் அதற்கு என்ன பதில் என்று உலகத்துக்கே தெரியும்.

"போடச் சொல்லுங்க அண்ணாச்சி, நல்ல பசி" என்றார் ராத்தா.

எங்கள் ஆட்கள் அல்லாதவர் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அப்பா தயங்கியது எனக்குத் தெரிந்தது. ஆனால் பசிக்கிறது என்று ஒருத்தர் வாய்திறந்து சொன்னபின் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்படி வாசலில் இருந்த தட்டைக் காலால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, கொல்லையில் போய் ஓர் இலை நறுக்கி வந்தாள். சோறும், பூண்டுக் குழம்பும், ஒரு துவையலும்.

ராத்தா தரையில் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டார். படிவத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. குழம்பில் வெந்தயம் எவ்வளவு என்று கேட்டார், பூண்டு எங்கே வாங்கியது என்று கேட்டார். இலை காலியானதும் நிமிர்ந்தார்.

"மைனி, இன்னுங் கொஞ்சம் போடுங்க."

அம்மா உள்ளே போனாள். பானையின் அடியில் அகப்பை உரசும் சத்தம் கேட்டது. ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கொண்டுவந்து போட்டது ஒரு கைப்பிடி இருக்கும்.

"நீங்க சாப்பிட்டாச்சா மைனி?"

"ஆச்சு, ஆச்சு. நீங்க சாப்பிடுங்க" என்றாள் அம்மா, சிரித்தபடி.

ராத்தா கையை இலையிலேயே வைத்துக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"மைனி ஆச்சுன்னு சொல்லுதாவ. நீங்க நம்புதியளா அண்ணாச்சி?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல் இருந்தது. ராத்தா அந்தக் கைப்பிடிச் சோற்றையும் மிச்சம் வைக்காமல் உண்டு, இலையை மடித்து, கொல்லையில் போய்க் கை கழுவி வந்தார். அப்பா கையை நீட்டினார்.

"அந்தப் பேப்பர எடுங்க."

அந்த வாக்கியத்தை வாய்விட்டு ஒரு தடவை வாசித்தார். அடுப்படிக்குக் கேட்க வேண்டும் என்று வாசித்தது போல இருந்தது. பிறகு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பஸ் நிறுத்தம்வரை கூடையைத் தூக்கிக்கொண்டு ராத்தாவோடு நடந்தேன். எனக்குள் ஆத்திரம் பொங்கியது. என் படிப்பு மிஞ்சிய சந்தோஷம்கூட அப்போது தெரியவில்லை.

"எங்க அம்மை சாப்பிடல. ஒங்களுக்குத் தெரியும்லா ராத்தா?"

"தெரியும். தட்டப் பாத்தேன்."

"பின்ன எதுக்கு ரெண்டாந்தரம் கேட்டிய?"

"தெரியலன்னா ஒரு வாயோட எந்திச்சிருப்பேன் லே" என்றார்.

பஸ் வந்தது. ஏறுவதற்காகக் கூடையைக் கேட்டார். கொடுக்கும்போதுதான் பார்த்தேன். உள்ளே அவருடைய சாப்பாட்டு அடுக்கு, கழுவிக் கவிழ்த்து, ஈரம் போகத் துண்டில் சுற்றி வைத்திருந்தது. அவர் ஆபீசிலேயே மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் ஒரு மணி ஐம்பது வண்டியைப் பிடித்திருக்கிறார். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"ரெண்டாவது போட்டது தொண்டையில எறங்கல" என்றார். கண் கலங்கியிருந்தது. ராத்தா கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "திங்கக்கெழம போட்டோ மூணு கொண்டா. மறந்துராத." பஸ் நகர்ந்துவிட்டது.

அந்தச் செயலை இன்றுவரை என்னால் முழுசாக மன்னிக்க முடிந்ததில்லை. அதனால்தான் நான் படித்தேன் என்பதையும் மறுக்க முடிந்ததில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்குத் திரும்பியபோது கூடத்தில் யாரும் இல்லை. அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். நான் பிறந்ததிலிருந்து அந்த வாசலைத் தாண்டி அப்பா போனதை நான் கண்டதில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மறுநாளைக்கென்று வைத்திருந்த அரிசியைப் பாத்திரத்தில் போட்டுக் களைந்துகொண்டிருந்தார். பாதி அரிசி தரையில் கிடந்தது. அம்மாவை மணையில் உட்கார வைத்திருந்தார். அவள் எழுந்திருக்கப் பார்க்க, "நீ இரி" என்று அதட்டினார். என்னைக் கண்டதும் முகத்தை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஏலே, உழக்கு அரிசிக்கு எவ்வளவு தண்ணி வைக்கணும்?"

எனக்கும் தெரியாது. அம்மாதான் சொன்னாள்.